காணும் பொங்கலுக்கு மெரினா போகும் பெற்றோர் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். காணும் பொங்கலன்று (ஜனவரி 17, சனி) பிள்ளைகளோடு மெரினா போகிறவர்கள் ஜனவரி 11, ஞாயிறு மாலை 5 மணிக்கு மொட்டை மாடிக்கு வந்துவிடுங்கள். கடற்கரைக் கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் என்ன செய்வது என்று பேசுவோம். அரை மணி நேரம்தான். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்:

1. 1–3 வயதுக் குழந்தைக்குத் தான் தொலைந்ததே தெரியாது. பெரும்பாலும் கிட்டத்திலேயே எங்காவது புகுந்து தூங்கிவிடும். கூப்பிட்டால் பதில் வராது. பெயர் சொல்லிக் கத்தினால் மட்டும் போதாது. தள்ளுவண்டிக்கு அடியில், படகு மறைவில் குனிந்து பாருங்கள்.

2. 4–6 வயதுப் பிள்ளை பலூன், குதிரை என்று எதன் பின்னாலாவது போய்விடும். திட்டு விழுமோ என்ற பயத்தில் தேடி வருபவரிடமே ஒளிந்துகொள்ளும். தயவுசெய்து கோபக் குரலில் அழைக்காதீர்கள்.

3. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரைத் தண்ணீர் ஈர்க்கும். எந்தப் பிள்ளையானாலும் ஒருவர் முதலில் அலையோரம் ஓடுங்கள்.

4. கிளம்பும்போதே அன்றைய உடையில் ஒரு போட்டோ.

5. காணவில்லையா? தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்க வேண்டாம். உடனே அருகிலுள்ள போலீஸிடம் சொல்லுங்கள், அல்லது 112. குழந்தைகள் உதவி எண் 1098.

வருபவர்கள் பிள்ளைகளின் வயதோடு வெள்ளிக்குள் இங்கே பதில் போடுங்கள். தாத்தா பாட்டியும் அவசியம் வரட்டும், கடற்கரையில் பிள்ளைகள் அவர்கள் கையில்தான் இருப்பார்கள்.