பருவுக்கும் பத்தியத்துக்கும் சம்பந்தமில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பிள்ளை பார்க்க வருகிறவர்கள் தொட்டிலை எட்டிப் பார்த்த கையோடு தாயிடம் கேட்கும் கேள்வி, "முகமெல்லாம் பொரிப்பொரியா இருக்கே, நீ என்னம்மா சாப்பிட்டே?" என்பதுதான். கத்திரிக்காய், கருவாடு, இறால் என்று ஒவ்வொன்றாகக் குற்றவாளிக் கூண்டில் ஏறும். கடைசியில் பச்சை உடம்புக்காரிக்கு மிஞ்சுவது பூண்டுக் குழம்பும் சோறும். தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இந்த விசாரணை அலுத்துவிட்டது.

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, இரண்டாம் மூன்றாம் நாளில் சிவந்த திட்டுகள் கிளம்பும். நடுவில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ சின்ன முனை இருக்கும். காலையில் நெஞ்சில் இருந்தது மாலையில் முதுகில் இருக்கும். ஓரிரு வாரத்தில் தானே மறைந்துவிடும். அவை கிளம்பும் அந்த இரண்டு மூன்று நாளில் தாய்க்குச் சீம்பாலே சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதற்குள் கருவாடு எங்கிருந்து வந்து பழியைச் சுமப்பது?

மூக்கிலும் கன்னத்திலும் ரவை தூவியதுபோல் இருக்கும் வெண்புள்ளிகள் வேறு. தோலில் உள்ள கெரட்டின் என்ற புரதம் துளியாக அடைந்து நிற்பதால் வருபவை அவை. சில வாரங்களில் உதிர்ந்துவிடும். ஒரு பாட்டி கட்டைவிரல் நகத்தை அதன்மேல் வைத்து அழுத்தப் போனதைப் பார்த்து நான் பாய்ந்து தடுத்திருக்கிறேன். நகம் பட்டால் புண்ணாகும், கிருமி நுழையும். கடலை மாவு, மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும். மூன்றாம் நான்காம் வாரத்தில் கன்னத்தில் வரும் பருக்களுக்கும் அதே வைத்தியம்தான்.

வேர்க்குருவுக்கு மட்டும் நாம்தான் காரணம். நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் சன்னலைச் சாத்தி, குல்லா, கையுறை, காலுறை மாட்டி, மேலே ஒரு போர்வையும் சுற்றினால் பிள்ளை என்ன செய்யும்?

இடுப்புக்குக் கீழே நீலம் பாரித்ததுபோல் இருக்கும் மச்சம் நம் பிள்ளைகளிடம் சர்வசாதாரணம். சில ஆண்டுகளில் தானே மங்கிவிடும். ஆனால் 16 வார மகப்பேற்று விடுப்பு முடிந்து குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் விடும்போது, அடிபட்ட காயமோ என்று ஆசிரியைகள் பதறலாம். அவர்கள் மேல் தப்பில்லை. பலதுறை மருந்தகத்தில் தடுப்பூசி போடும்போதே அதைச் சுகாதாரக் கையேட்டில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் இப்படி விட்டுவிடக் கூடாது. நீர் கோத்த கொப்புளம், அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளி, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அத்தையிடம் யோசனை கேட்டுக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் சிறார் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவக் குறிப்புகளோடு வரும் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல் குழந்தைகள்தான். மாநிறத் தோலில் சிவப்புத் திட்டு அவ்வளவு பளிச்சென்று தெரியாது, நிறமே சற்று மாறித் தோன்றும். படத்தைப் பார்த்து ஒப்பிடும் இளந்தாய்கள் குழம்புகிறார்கள். பெற்றோர் சம்மதத்தோடு நம் பிள்ளைகளின் படங்களைப் போட்டு, ஒரு தோல் மருத்துவரின் விளக்கத்துடன் ஒரு பக்கம் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
முன்னாள் தாதி,
தோ பாயோ