சாட்சிக்காக ஆள் தேட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அன்றாட வாழ்க்கையில் ஆண்டவரைக் கண்ட அனுபவங்களை எழுதி அனுப்பச் சொல்லி உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். நல்ல யோசனை. பெரிய கூட்டம், மேடை, மைக், கண்ணீர் இதெல்லாம் இருந்தால்தான் விசுவாசம் வளரும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கும்போது, திங்கட்கிழமை காலையில் எதிரே வருகிற ஆளைப் பற்றி ஒரு பத்திரிகை கேட்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது. ஆனால் இதுவரை வெளியான கடிதங்களைப் படித்தபோது ஒரு விஷயம் உறுத்தியது, அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்குக் கடிதம் ஒரு ஏழையோ நோயாளியோ வருகிறார், எழுதியவர் அவருக்கு ஏதோ செய்கிறார், உடனே ஆண்டவர் பேசிவிடுகிறார், கடிதமும் முடிந்துவிடுகிறது. அந்த ஏழை அப்புறம் என்ன ஆனார், அந்த நோயாளிக்கு வலி குறைந்ததா இல்லையா என்று ஒரு வரி கிடையாது. சினிமாவில் ஒரே காட்சிக்கு வந்து போகிற துணை நடிகர் மாதிரி அவர் வந்த வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம், எளியவருக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்று நியாயத்தீர்ப்பில் ஆண்டவர் சொல்கிற இடம். பசியாயிருந்தேன், தாகமாயிருந்தேன், வியாதியாயிருந்தேன், காவலில் இருந்தேன். அதில் வலது பக்கம் நிற்கிற நீதிமான்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்று கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஆண்டவரே, உம்மை எப்போது அப்படிக் கண்டோம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் தெரியவே இல்லை! பசித்தவனைப் பார்த்தார்கள், சாப்பாடு கொடுத்தார்கள், அவ்வளவுதான். அவனுக்குள் இயேசு இருக்கிறாரா, இதில் எனக்கு என்ன ஆசீர்வாதம், இதை ஞாயிற்றுக்கிழமை எப்படிச் சொல்வது என்ற கணக்கு ஒன்றும் அவர்கள் மனதில் ஓடவில்லை. எபிரெயர் 13:2-லும் இதேதான், அந்நியரை உபசரித்த சிலர் "அறியாமல்" தேவதூதரை உபசரித்தார்கள். தேவதூதன் வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களைப் பற்றி அங்கே ஒன்றும் சொல்லவில்லை.

என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அடுத்த கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். நம் மதத்துக்காரர் இல்லை. நான் வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஏதாவது ஜெபம் பண்ணச் சொல்வாரோ என்று உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவர் கேட்டது வேறு. "தம்பி, உங்க பையில நகவெட்டி இருக்குமா?" குனிய முடியவில்லை அவருக்கு. சர்க்கரை நோய்க்காரர் கால் என்பதால் நர்ஸிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன், ஓரத்தை வளைத்து வெட்டாதீர்கள், நேராக வெட்டுங்கள், சதையில் பட்டால் புண் ஆறாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனார். கட்டை விரல் நகம் மஞ்சளாக, தடியாக, ஒரு பக்கம் உள்ளே திரும்பியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடிந்தது. பெரியவர் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து அசையாமல் வைத்துக்கொண்டு, சிரமம் கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

யோவான் 13-இல் ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவியது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமே வரவில்லை. வந்திருந்தால் கெடுத்திருப்பேன். நான் ஏதோ பெரிய தாழ்மையான காரியம் செய்வதாக நினைத்துப் பூரித்துப்போய் சதையில் வெட்டியிருப்பேன்! என் கவனம் முழுக்க நகத்தில்தான் இருந்தது, அதனால்தான் அவருக்கு வலிக்கவில்லை. அன்று ராத்திரி ஜெபிக்கும்போது அப்பாவின் பெயருக்கு முன்னால் அவர் பெயர் வாயில் வந்தது. அதுவரை என் ஜெபம் எங்கள் கட்டிலைத் தாண்டிப் போனதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாக் கடிதத்திலும் நாம்தான் கொடுக்கிறவர்களாக இருக்கிறோம். அந்தப் பெரியவரின் மகள் வேலை முடிந்து சாயங்காலம் வருவார், ராத்திரி முழுக்க இருப்பார். ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்க போய்க் கொஞ்சம் தூங்குங்க, அப்பாவை நான் பார்த்துக்கிறேன்" என்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது. சபையில் பொறுப்பில் இருக்கிறவன், எல்லோருக்கும் ஆறுதல் சொல்கிறவன், முன்பின் தெரியாத பெண்ணிடம் அப்பாவை விட்டுவிட்டுத் தூங்குவதா? தூங்கினேன். காலையில் எழுந்தபோது, எத்தனை மணிக்குக் குளுக்கோஸ் பாட்டில் மாற்றினார்கள், எப்போது தண்ணீர் கேட்டார் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தார். டாக்டர் அவளுடைய அப்பாவைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லாத நாட்கள் அவை. அப்படியும் தினமும் அவருக்கு முகம் துடைத்து, தலை சீவி, நாளைக்கு என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருப்பார். நம்பிக்கையைப் பற்றி நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அதில் பாதி மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

இப்படி எழுதினால் சிலருக்குக் கோபம் வரலாம், வெளியாளிடம் போய் விசுவாசத்தைக் கற்பதா என்று. மத்தேயு சுவிசேஷத்தைத் திறந்து பார்க்கட்டும். அதில் ஆண்டவர் "உங்கள் விசுவாசம் பெரியது" என்கிற மாதிரி பாராட்டுவது இரண்டு பேரைத்தான், 8-ஆம் அதிகாரத்தில் நூற்றுக்கு அதிபதி என்கிற ரோமப் படைத் தலைவன், 15-ஆம் அதிகாரத்தில் கானானியப் பெண். இரண்டு பேருமே இஸ்ரவேலர் இல்லை. கூடவே சுற்றிக்கொண்டிருந்த சீஷர்களுக்குக் கிடைத்த பட்டம் அற்பவிசுவாசிகள். அப்புறம் யோவான் 4-இல், கிணற்றடியில், யூதர்கள் ஒதுக்கி வைத்த சமாரியர் இனத்துப் பெண்ணிடம் ஆண்டவர் முதலில் பேசியது உபதேசமா? தண்ணீர் கேட்டார். மத்தியான வெயில், நடந்து வந்த களைப்பு, மொண்டு குடிக்கப் பாத்திரம் கூட இல்லை. கேட்க வேண்டிய நிலையில் அவரே இருந்தார். (கடைசியில் அவருக்குத் தண்ணீர் கிடைத்ததா என்று யோவான் எழுதவே இல்லை, எனக்கு அது எப்போதும் ஒரு குறைதான்.)

நேரமில்லை என்பார்கள் சிலர், அதற்கும் ஒரு வார்த்தை. மாற்கு 5-இல் சாகக் கிடக்கிற 12 வயது மகளுக்காக யவீரு என்கிற தகப்பன் ஆண்டவரை அழைத்துக்கொண்டு ஓடுகிறான், வழியில் 12 வருஷமாகப் பெரும்பாடு, அதாவது நிற்காத இரத்தப்போக்கு, உள்ள ஒரு பெண் வஸ்திரத்தைத் தொடுகிறாள், அவர் நின்றுவிடுகிறார். யவீருவின் இடத்தில் நான் இருந்தால் பல்லைக் கடித்திருப்பேன். ஹிட்லர் காலத்தில் கொல்லப்பட்ட ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1939-இல் வெளியான ஒரு சிறு நூலில், நம் வேலைக்கு நடுவே தேவன் குறுக்கிட இடம் கொடுக்க வேண்டும் என்கிறார், நல்ல சமாரியன் உவமையில் கள்ளர் கையில் அகப்பட்டவனைக் கடந்து போன ஆசாரியன் ஒருவேளை வேதத்தை வாசித்துக்கொண்டே போயிருக்கலாம் என்று ஒரு குத்தும் வைக்கிறார். அது எனக்கு நன்றாகவே வலித்தது, காலை தியானத்தின்போது கதவைத் தட்டுகிறவர்கள் மேல் எரிந்து விழுகிற ஆள் நான்.

இதற்கெல்லாம் ஒரு பயிற்சி உண்டா என்றால், 16-ஆம் நூற்றாண்டில் இக்னேஷியஸ் லொயோலா சொல்லிக்கொடுத்த ஒன்று இருக்கிறது, அன்றைய நாளைத் தேவனுக்கு முன்பாக மறுபடி ஓட்டிப் பார்ப்பது. அவர் கத்தோலிக்கர், நான் சீர்திருத்த சபை, பரவாயில்லை. படுக்குமுன் அன்று பார்த்த முகங்களை வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். பாடம் எடுப்பதற்காக இல்லை, நாளைக்கு யாரிடம் திரும்பப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள.

சரி, ஆசிரியருக்கு என் வேண்டுகோள். இந்தப் பகுதியைத் தொடர்ந்து வெளியிடுங்கள். ஆனால் இன்னொருவரின் நோயையோ வறுமையையோ பற்றி எழுதுகிறவர்கள் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினார்களா என்று விசாரியுங்கள். இந்தப் பெரியவரின் மகளிடம் கேட்டேன், பேர் மட்டும் போடாதீங்க அண்ணா என்றார், போடவில்லை. முடிந்தால் உதவி வாங்கினவர்களையும் எழுதச் சொல்லுங்கள், எங்களைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று படிக்க ஆசையாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்