ஒற்றைக் காதுக்கு ஒரு வரி

நண்பர்களே,

நேற்று மாலை காதுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. வலது காது பத்திரமாக இருக்கிறது. நான்கு மாதம் முன்பு திடீரென்று கேட்காமல் போன இடது காது, போனது போனதுதான். இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனால் இடது காதை நினைத்து இல்லை. வலது காதைப் பற்றிய அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன், அதுதான் நடுங்கவைக்கிறது.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ராத்திரி பகல் பாராமல் கூடவே இருந்தவர்கள் நீங்கள். அந்தக் கதைக்குள் மறுபடி போக எனக்குத் தெம்பில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் சளி, அழுக்கு என்று நாளைக் கடத்தாதீர்கள். உடனே காது மருத்துவரிடம் போய்விடுங்கள். இதில் முதல் சில நாட்களுக்குத்தான் மதிப்பு. சரி, அது போகட்டும். நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மாலையானால் நமக்குள் ஒரு கேள்வி வரும்: இப்போது என்ன ஓடுகிறது? அவரவர் கேட்டுக்கொண்டிருக்கும் ஆல்பத்தின் பெயர், வந்த வருடம், ஏன் பிடித்திருக்கிறது என்று இரண்டு வரி. எத்தனையோ வருடப் பழக்கம். அதற்கு நான் பதில் சொல்லாத நாளே இருந்ததில்லை. இரண்டு வரி போதுமப்பா என்று நீங்கள் கெஞ்சும் அளவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒலிபெருக்கிகள் இரண்டும் என் நாற்காலியும் சமபக்க முக்கோணமாக நிற்க வேண்டும் என்று அளவுநாடா பிடித்து அளந்தவன் நான். ட்ரம்ஸ் எத்தனை அடி பின்னால் இருக்கிறது, பாடுகிறவர் எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்கிறார் என்றெல்லாம் வகுப்பெடுத்தவன். போனோடு வந்த இயர்போனில்தான் எல்லாவற்றையும் கேட்பேன் என்று அக்கா ஒருமுறை சொன்னபோது, 'அதில் கேட்பதற்குக் கேட்காமலே இருக்கலாம்' என்று எழுதியவனும் நான்தான். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அக்கா என்றால் யாரென்று உங்களுக்குத் தெரியும். பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் இந்த மடலிலும் அவர் வெறும் அக்காதான்.

காது போன பிறகு நான் முதலில் போட்டது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986இல் வந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்த ஆல்பம். எனக்கு அது மனப்பாடம். அடுத்து என்ன வரப்போகிறது என்று உடம்புக்கே தெரியும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இருட்டில் படி இறங்கும்போது இன்னொரு படி இருக்கிறது என்று காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனால் ஒரு திடுக்கிடல் வருமே, அது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது. போதாததற்கு, கேட்காத காதுக்குள் ஓயாத இரைச்சல் வேறு. பாதியில் நிறுத்திவிட்டேன். அப்புறம் மூன்று வாரம் எதையும் போடவில்லை. உங்கள் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை.

அந்த மூன்றாவது வாரக் கடைசியில் நம்மில் ஒருவர் பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அதற்குக் கீழே அக்கா எழுதியிருந்தார்:

"ஒற்றைக் காதுக்கு: 1965 ஸ்டீரியோ பதிப்பை அப்படியே போடாதீர்கள். குரல்கள் பெரும்பாலும் வலப்பக்கம், வாத்தியங்கள் இடப்பக்கம். உங்களுக்குப் பாட்டு வரும், பக்கவாத்தியம் வராது. போனில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கிறது, இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலந்து தரும். அதைத் தட்டிவிட்டுக் கேளுங்கள்."

எனக்கு என்று சொல்லவில்லை. என் பெயரும் அதில் இல்லை. 'ஒற்றைக் காதுக்கு', அவ்வளவுதான். எல்லோரும் எட்டு வைத்து ஒதுங்கிப்போன அந்தச் சொல்லை, ஆல்பத்தின் நீளத்தைச் சொல்வதுபோல் சர்வசாதாரணமாகப் போட்டிருந்தார். முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் வெட்கம். இத்தனை வருடம் ஒலியைப் பற்றி வாய்கிழியப் பேசியவனுக்கு அந்தப் பொத்தான் நினைவுக்கு வரவில்லையே! எப்படி வரும், மோனோ என்பது என் அகராதியில் வசைச்சொல்லாக அல்லவா இருந்தது.

தட்டினேன். இடப்பக்கம் தொலைந்துபோயிருந்தவர்கள் எல்லோரும் வலப்பக்கக் கதவு வழியாக உள்ளே வந்தார்கள். அகலம் கிடையாது. குறுகலான சந்தில் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்பதுபோல் இருந்தது. ஆனால் எல்லோரும் இருந்தார்கள்.

அன்றிலிருந்து தினமும். யார் எந்த ஆல்பத்தைச் சொன்னாலும் கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் வரி வந்துவிடும். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' பற்றிப் பேச்சு வந்த நாள் ஞாபகமிருக்கிறதா? 1960 டிசம்பரில் ஒலிப்பதிவானது. நால்வர் நால்வராக இரண்டு குழுக்கள், ஆளுக்கொரு பக்கமாக ஸ்டீரியோவில் பிரித்து வைத்தது. அக்கா எழுதியது: "அப்படியே போட்டால் உங்களுக்கு எட்டில் நான்கு பேர்தான் வாசிப்பார்கள். கோல்மன் இடப்பக்கம், அதனால் கோல்மன் இல்லாத கோல்மன் ஆல்பம் கிடைக்கும். மோனோவில் போட்டால் எட்டுப் பேரும் ஒரே அறைக்குள் சண்டை போடுவார்கள். எனக்கென்னவோ சண்டைதான் நன்றாக இருந்தது." காது போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

பாப்லோ காஸல்ஸ் வாசித்த பாக்கின் செல்லோ தொகுப்புக்கு, "ஒற்றைக் காதுக்கு: ஒன்றும் செய்ய வேண்டாம். 1936க்கும் 1939க்கும் இடையில் ஒலிப்பதிவானது. பிறவியிலேயே மோனோ. தைரியமாகப் போடுங்கள்" என்று எழுதினார். பதின்மூன்று வயதில் பழைய கடையொன்றில் அந்த இசைக்குறிப்பைக் கண்டெடுத்து, அரங்கில் வாசிக்கும் துணிச்சல் வருவதற்கு முன் சுமார் 12 வருடம் தனியாகப் பயிற்சி செய்தவர் காஸல்ஸ். அவர் காத்திருந்ததற்கு முன்னால் என் மூன்று வாரம் எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டேன். ஆறு தொகுப்புகளையும் ஒரே மூச்சில் கேட்டேன். காது போன பிறகு முதலிலிருந்து கடைசிவரை நான் முழுதாகக் கேட்ட ஆல்பம் அது. எதுவும் குறையவில்லை, ஏனென்றால் எடுத்துப்போக அதில் இன்னொரு பக்கமே இல்லை.

ஆனால் இந்த மடலை எழுதவைத்த வரி வேறு. ஆல்பத்தின் பெயர் முக்கியமில்லை, சமீபத்தில் வந்த ஒன்று. அதற்கு அக்கா எழுதியிருந்தார்: "மூன்றாவது பாட்டில், இரண்டாம் நிமிடத்துக்கு மேல் பின்னால் ஓர் ஒலி மோனோவில் காணாமல் போகும். இரண்டு பக்கத்திலும் ஒரே அலையைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள், சேர்த்தால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். எனக்கும் கேட்கவில்லை. பதறாதீர்கள், உங்கள் வலது காது நன்றாகத்தான் இருக்கிறது."

நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அந்த நான்கு மாதமும் எந்த ஒலி மங்கினாலும், எந்தப் பேச்சு பிடிபடாமல் போனாலும், வலதும் போகிறதோ என்று வயிறு கலங்கும். காதருகே விரல்களைத் தேய்த்துப் பார்ப்பேன். படுக்கப்போகும் முன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்ப்பேன். வீட்டாருக்குக்கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். அந்தப் பாட்டின் இரண்டாம் நிமிடத்தில் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

இதையெல்லாம் எங்கோ படித்துவிட்டு எழுதுகிறார் என்றுதான் போன வாரம் வரை நினைத்திருந்தேன். உங்களில் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "அவங்க மூணு மாசமா ஒரு காதுலதான் கேக்கறாங்க, உங்களுக்குத் தெரியாதா?" தெரியாது. அக்காவிடமே கேட்டேன். இடது இயர்போனைக் கழற்றிவிட்டு முழு ஆல்பத்தையும் ஒருமுறை, அப்புறம் மோனோவில் ஒருமுறை கேட்பாராம். பழைய இசைத்தட்டு என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து சுமார் 40 நிமிடம் வரும். இரண்டு முறை என்றால் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். இதுவரை அவர் எழுதிய வரிகளை எண்ணிப் பார்த்தேன். 93 இருக்கின்றன. இப்படியா செய்வார்கள் என்று கேட்டதற்கு, "பின்னே, வேறெப்படித் தெரியும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதுவும் நான் கேலி செய்த அதே இயர்போனில்.

மற்ற எல்லோருக்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்ல முடிகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். இசைத்தட்டு உறையின் பின்பக்கக் குறிப்புகளை முழுதாகத் தட்டச்சு செய்து, 'கேட்க முடியாவிட்டால் படிக்கவாவது செய்' என்று அனுப்பியவருக்கு. பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சனுக்கு வலது காது ஏறக்குறையக் கேட்காமலே இருந்தது, 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தை 1966இல் மோனோவில்தான் அமைத்தார் என்று சொல்லி என் முக்கோணத்தை உடைத்தவருக்கு. இசையமைப்பாளர் பிரையன் ஈனோவின் கதையைச் சொன்னவருக்கு: 1975இல் அவர் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தபோது தோழி ஒருவர் 18ஆம் நூற்றாண்டு ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறார். சிரமப்பட்டு எழுந்து அதை ஓடவிட்டுப் படுத்த பிறகுதான் தெரிகிறது, ஒலி மிகக் குறைவு, ஒரு பக்கம் வேலையே செய்யவில்லை. மறுபடி எழத் தெம்பில்லை. மழைச் சத்தத்தோடு சேர்த்து அப்படியே கேட்கிறார். அந்த வருடமே அவருடைய 'டிஸ்க்ரீட் மியூசிக்' ஆல்பம் வருகிறது. இந்தக் கதையை நான் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன். ஒரு பக்கம் வேலை செய்யவில்லை என்ற இடத்தை ஒருமுறைகூடக் கவனித்ததில்லை.

ஒன்றுமே சொல்லாமல் தினமும் ஒரு ஆல்பத்தின் பெயரை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவருக்கும் நன்றி. 'காலம் எல்லாவற்றையும் சரியாக்கும்' என்று சொன்ன மூன்று பேருக்கும் நன்றி. சரியாக்கவில்லை, ஆனாலும் நன்றி.

இந்த நாட்களில் ஒன்றை யோசித்துக்கொண்டே இருந்தேன். 'இதைக் கேள்' என்று ஓர் ஆல்பத்தை நீட்டும்போது நான் இத்தனை வருடமும் என்ன சொல்லியிருக்கிறேன்? என் நாற்காலியில் வந்து உட்கார், என் முக்கோணத்துக்குள் வா, எனக்குக் கேட்பது உனக்கும் கேட்கும் என்று. அக்கா எழுந்து என் பக்கம் வந்து உட்கார்ந்தார். அங்கிருந்து என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை என்று பார்த்துச் சொன்னார். எனக்கு இது தோன்றியிருக்குமா என்றால், நிச்சயமாகத் தோன்றியிருக்காது.

அதனால் ஒரு வாக்கு. இனி நான் சொல்லும் ஒவ்வோர் ஆல்பத்துக்கும் அந்த வரியை நானே எழுதுவேன். நம்மில் வேறு யாருக்கு எந்தக் காது என்று எனக்குத் தெரியாது. சொல்லாமல் இருப்பவர்கள் இருக்கலாம், நானும் பலவற்றைச் சொல்லாமல்தான் இருந்தேன். அளவுநாடாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். யாருடைய இயர்போனைப் பற்றியும் இனி வாயைத் திறக்க மாட்டேன். (திறந்தால் இந்த மடலை எடுத்து என் முன்னால் போடுங்கள்.)

நேற்று ராத்திரி முடிவு தெரிந்த பிறகு 'ஹவ் டு நேம் இட்' மறுபடி போட்டேன். மோனோவில், முதலிலிருந்து கடைசிவரை. இரைச்சல் இருக்கத்தான் செய்தது. ஆனால் கால் வைத்த இடத்திலெல்லாம் படி இருந்தது.

சரி, நான்கு மாதக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது ஓடுவது 'கால் ஆஃப் தி வேலி', 1967. ஷிவ்குமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா, பிரிஜ் பூஷண் காப்ரா. ஓர் ஆட்டிடையனின் ஒரு நாள், விடியலிலிருந்து. இப்போதுதான் ஆஹிர் பைரவ் ராகம் முடிந்தது. ஒற்றைக் காதுக்கு: மோனோவில் போடுங்கள், சந்தூர், புல்லாங்குழல், கிதார் மூன்றும் வந்து சேரும்.

அக்கா, இதை நீங்கள் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கேளுங்கள்.