பாதுகாப்பான கணினியை உங்கள் தளம் ஏற்கட்டும்: வங்கிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணிக இணையவங்கிச் சேவையை நடத்தும் வங்கி அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

"இணையவங்கிக்கான கணினியைப் பாதுகாப்பாக வைத்திருப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு" என்று சிறு வணிகக் கணக்குகளுக்கு மறுபடியும் அறிவுறுத்தல் வந்திருக்கிறது. பொறுப்புதான், மறுக்கவில்லை. அப்படிப்பட்ட கணினிகளை அமைத்துக் கொடுப்பதே எங்கள் தொழில். ஆனால் அமைத்து முடித்த கணினியை உங்கள் தளம் ஏற்க மறுக்கிறது. அதை ஏற்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பில் போடும் கணினியிலேயே வாட்ஸ்அப், மெயில், வந்தவர் போனவர் பென் டிரைவ், வங்கி எல்லாம் ஓடுவதுதான் கடைகளில் முதல் ஆபத்து. வங்கிக்கென்று தனிக் கணினி வேண்டும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய மடிக்கணினிகள் முறைப்படி விண்டோஸ் 11-க்குப் போக முடியாது. அவற்றில் 4 ஜிபி ராமும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகமும் இருந்தால், விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் நன்றாகவே ஓடும். அதன் நிறுவல் கோப்பை (ஐஎஸ்ஓ) இறக்கி, கோப்பு மாறாமல் வந்திருப்பதைக் காட்டும் எஸ்எச்ஏ-256 எண் பொருந்துகிறதா என்று பார்த்து, 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, பழையதை முழுவதும் அழித்துவிட்டு நிறுவுகிறோம். நிறுவும்போதே, கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி வட்டைக் குறியாக்கம் செய்துவிடுகிறோம். பிறகு செய்ய வேண்டியவையும் உண்டு. வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் மின்டில் தானாக ஓடாது, நாம்தான் இயக்க வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் அது. உலாவியில், கடவுச்சொற்களைச் சேமித்து நிரப்பித் தரும் கடவுச்சொல் மேலாளர் தவிர வேறு நீட்சி (கூடுதல் செருகுநிரல்) கிடையாது. வங்கித் தளத்தைத் தேடுபொறியில் தேடாமல் புத்தகக்குறியிலிருந்து மட்டுமே திறக்க வேண்டும்.

இத்தனையும் செய்து, டிஜிட்டல் கையொப்ப டோக்கனை (கையொப்பச் சாவி உள்ள யுஎஸ்பி கருவி) செருகிப் பணப் பட்டுவாடாவுக்கு ஒப்புதல் தர உட்கார்ந்தால் வேலை நின்றுவிடுகிறது. உங்களில் சிலர் தரும் டோக்கன் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே. அதையும் நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்கிறீர்கள். அந்த மென்பொருள் 127.0.0.1 என்ற, அதே கணினியைக் குறிக்கும் முகவரியில், வேறு யாரும் உறுதிசெய்யாமல் தானே தயாரித்துக்கொண்ட பாதுகாப்புச் சான்றிதழோடு காத்திருக்கிறது. உலாவி அதை நம்பாமல் "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று எச்சரிக்கிறது. உங்கள் வழிகாட்டியோ, "மேம்பட்டவை" என்பதை அழுத்தி, பிறகு "தொடர்க" என்பதை அழுத்துங்கள் என்கிறது, படத்தோடு. அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகப் பழகிய அக்கவுண்டன்ட், நாளைக்கு ஒரு போலித் தளத்திலும் அதே இரண்டு பொத்தான்களை அழுத்துவார். உலாவி புதுப்பிக்கப்பட்டு டோக்கன் தெரியாமல் போனால், உதவி மையம் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்கிறது. யார் சொன்னாலும் நிறுவாதீர்கள் என்று நீங்களே விளம்பரம் செய்யும் அதே வகைச் செயலி.

கடவுச்சொல் பெட்டியிலும் இதே கதைதான். நகலெடுத்ததை ஒட்டுவதைத் (பேஸ்ட்) தடுத்து, திரையில் தோன்றும் விசைப்பலகையில்தான் அழுத்த வேண்டும் என்கிறீர்கள். இன்றைய தீநிரல்கள் (வைரஸ் போன்றவை) திரையைப் படமெடுக்கின்றன, படிவத்தில் நிரப்பியதை உலாவிக்குள்ளிருந்தே எடுக்கின்றன. அவற்றிடம் திரை விசைப்பலகை செல்லாது. மாறாக, கடவுச்சொல் மேலாளர் தள முகவரி பொருந்தினால்தான் தானாக நிரப்பும், போலித் தளத்தில் நிரப்பாது. அந்தக் காவலைத்தான் நீங்கள் அகற்றுகிறீர்கள். விளைவு, கடைப் பெயரும் வருடமும் சேர்ந்த கடவுச்சொல், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிய துண்டுச் சீட்டில். கடவுச்சொல்லை ஒட்ட அனுமதியுங்கள் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே எழுதிவிட்டது.

பணம் போனபின் கிளையில் கேட்கும் முதல் கேள்வி, "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருந்திருக்குமே?" என்பது. வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்க வேண்டியது வங்கிதான் என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை தெளிவாகச் சொன்னது. கவுன்டரில் நிற்பவரிடம் அதை யாரும் சொல்வதில்லை. உங்களிடமிருந்தே, இணைப்பைத் தொடாதீர்கள் என்று ஒரு குறுஞ்செய்தி, அடுத்ததாகச் சுருக்கிய இணைப்போடு கடன் விளம்பரம். எதை நம்பச் சொல்கிறீர்கள்?

குறை சொல்லி முடியாது. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறோம். பாதுகாப்பான கணினியை உங்கள் தளம் ஏற்க வேண்டும். டோக்கன் மென்பொருளை லினக்ஸுக்கும் தாருங்கள், அல்லது தனி மென்பொருள் தேவைப்படாத ஃபைடோ பாதுகாப்புச் சாவியை (செருகி அடையாளத்தை உறுதிசெய்யும் சிறு கருவி) ஏற்றுக்கொள்ளுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளில் குறுஞ்செய்தி ஓடிபியைத் தாண்டிய வழிகளுக்கும் இடமுண்டு. ஒட்டும் தடையை நீக்க உங்கள் நிரலாளருக்கு வெகுநேரம் பிடிக்காது. தயவுசெய்து அதை முதலில் செய்யுங்கள். எந்த இயங்குதளத்தில், எந்த உலாவியில், எந்தத் தேதியில் சோதித்தீர்கள் என்பதை உள்நுழைவுப் பக்கத்திலேயே போடுங்கள். சோதித்துப் பார்க்க மின்ட் நிறுவிய கணினி தேவையென்றால், அமைத்துத் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
சிறு வணிகக் கணினிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பணியாளர்கள்