துப்பாக்கிக் குதிரையைத் தனியாகப் பிரிக்காதீர்கள்

புதுப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் காயலான்கடை வைத்திருக்கும் அண்ணன்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து திருகாணி டப்பாவைக் கவிழ்த்துக் கிளறிக்கொண்டிருப்பேனே, "இந்த ஆளுக்கு வேற வேலையே இல்லையா" என்று சிரிப்பீர்களே, அவன்தான் எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா வீட்டுச் சுவரில் ஒரு கேப் துப்பாக்கி தொங்கியது, கேப் என்கிற சின்ன வெடிமூடியை அடித்துச் சுடும் பழைய துப்பாக்கி. 1857 கலகப் பாடத்தில் கொழுப்புத் தோட்டாவோடு வருமே என்ஃபீல்டு, அந்த வகை. அதன் பூட்டு, அதாவது சுட வைக்கும் பொறி, பொருத்தியிருக்கும் தகட்டில் 1856 என்று பொறித்திருக்கிறது. குழல் துருவேறி ஓட்டை விழுந்துவிட்டது, இனி எந்த ஜென்மத்திலும் சுடாது. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளை 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விட்டுவைக்கிறது. சுடக்கூடியது என்றால் லைசென்ஸ் வேண்டும், அதை நான் கேட்கவும் இல்லை.

எனக்கு வேண்டியது குதிரையை, அதாவது கேப்பின் மேல் அடிக்கும் சுத்தியலை, இழுக்கும்போது வரும் இரண்டு 'டக்'. முதல் டக்கில் அது பாதியில் நிற்கும், விசையை அழுத்தினாலும் விழாது. இரண்டாவதில் முழுசாக ஏறி நிற்கும். எங்கள் வீட்டுக் குதிரை இரண்டிலுமே நிற்பதில்லை. பூட்டைக் கழற்றிப் பார்த்தால், குதிரையோடு சேர்ந்து சுழலும் உள்துண்டில் கொக்கி விழுகிற வெட்டுகள் மழுங்கிப் போயிருக்கின்றன. குதிரையை அடிக்க வைக்கும் பெரிய வில்லும் (ஸ்பிரிங்) இரண்டாக ஒடிந்து கிடந்தது. ஒரு பட்டறையில் புது வில் அடித்து வாங்கினேன். துவைச்சல், அதாவது இரும்பைக் காய்ச்சிப் பதப்படுத்தும் வேலை, சரியில்லை. எண்ணெயில் முக்கிக் கடினமாக்கியதோடு விட்டுவிட்டார்கள், மறுபடி நீலம் ஓடும்வரை சூடு காட்டவில்லை. மூன்றாம் நாள் கண்ணாடி மாதிரி படீரென்று போய்விட்டது.

வேறு பூட்டிலிருந்து எடுத்துப் போடலாமே என்பீர்கள். அதையும் செய்தேன். போன மாதம் உங்களில் ஒருவரிடம் ஒரு குதிரை வாங்கினேன். சதுரத் துளையில் அழகாக உட்கார்ந்தது, ஆனால் அதன் வாய் நிப்பிளுக்கு, அதாவது கேப்பை மாட்டும் சின்னக் குமிழுக்கு, ஒரு நூல் தள்ளி விழுந்தது. என்ஃபீல்டு தொழிற்சாலைக்கு இயந்திரங்கள் வந்து, 1850களின் கடைசியில்தான் ஒரு துப்பாக்கியின் உறுப்பு இன்னொன்றுக்குப் பொருந்த ஆரம்பித்தது. பர்மிங்காம் பட்டறைகளில் அரத்தால் ராவி ராவிச் சேர்த்த பூட்டுகளில் திருகாணிகூட அதனதன் துளைக்குத்தான் போகும்.

அதனால்தான் கேட்கிறேன். பழைய துப்பாக்கிப் பூட்டு எதுவும் வந்தால் பித்தளை தனி, இரும்பு தனி என்று பிரித்துப் போடாதீர்கள். ஆசிட்டில் முக்கவே வேண்டாம், பொறித்த எழுத்தும் வருஷமும் கரைந்துவிடும். துரு இறுகியிருந்தால் மண்ணெண்ணெயில் ஊறட்டும். அப்புறம் திருகாணிகளையும் சேர்த்து ஒரு துணியில் முடிந்து வையுங்கள். கிலோ விலைக்குக் கேட்க மாட்டேன், முழுப் பூட்டுக்குப் பேசி வாங்கிக்கொள்கிறேன்.

வரும் ஞாயிறு அந்தக் குதிரையைத் திருப்பிக் கொண்டுவருகிறேன். காசு வேண்டாம். அதோடு வந்த தகடும் உள்துண்டும் அந்தத் தகர டப்பாவில் இன்னும் கிடந்தால் எடுத்து வையுங்கள்.