'அடக்கி வாசி' என்னும் அறிவுரை

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டுப்பாடு மிகுந்த உயர்நிலைப் பள்ளியில் தன்பாலீர்ப்புள்ள பையன் ஒருவன் கையை வீசிப் பேசுகிறான், நளினமாக நடக்கிறான், கண்ணுக்கு மையிட்டு வருகிறான் என்றால், அவனுக்கு முதலில் கிடைப்பது "கொஞ்சம் அடக்கி வாசி தம்பி" என்ற அறிவுரைதான். சொல்கிறவர் பெரும்பாலும் நல்லவர். ஆனால் அதனால் கேலி நிற்பதில்லை. நடையை மாற்றினால் குரலைப் பிடித்துக்கொள்வார்கள், குரலை மாற்றினால் கையெழுத்தை. பையனோ கை எங்கே இருக்கிறது, குரல் ஏறுகிறதா என்று நாள் முழுக்கத் தன்னையே காவல் காப்பான். பாடத்தில் கவனம் போகும், விடை தெரிந்தும் கை தூக்கமாட்டான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜேமி நபோஸ்னி என்ற தன்பாலீர்ப்புள்ள மாணவர் பள்ளியில் பல ஆண்டுகள் அடிபட்டார். வெளிப்படையாக இருந்தால் இதெல்லாம் நடக்கும் என்கிற ரீதியில் பள்ளி நிர்வாகிகள் பதில் சொன்னார்கள். அவர் தொடுத்த வழக்கில், 1996-இல் நிர்வாகிகள் மூவர் பொறுப்பு என நடுவர் குழு தீர்ப்பளித்தது. சுமார் 9 லட்சம் டாலரில் வழக்கு சமரசமானது. அவர் தாக்கப்பட்ட இடங்களில் கழிப்பறையும், நூலகத்துக்கு வெளியேயுள்ள நடைபாதையும் உண்டு.

கவனிக்க வேண்டியது அந்த இடங்களைத்தான். துன்புறுத்தல் பள்ளி முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. கழிப்பறை, உடை மாற்றும் அறை, படிக்கட்டு, பேருந்தின் பின் இருக்கை, இரண்டு வகுப்புகளுக்கு நடுவேயுள்ள சில நிமிடங்கள் என்று குவிந்திருக்கும். பையனின் வருகைப் பதிவேட்டைக் கால அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உடற்பயிற்சி வகுப்புள்ள நாளில் மட்டும் விடுப்பு விழுந்தால் காரணம் காய்ச்சல் அல்ல. கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பிள்ளைகளும் உண்டு. உடை மாற்றத் தனி அறை கொடுக்கலாம். ஆனால் அவனுக்கு மட்டும் கொடுத்தால் அதுவே முத்திரையாகிவிடும். கேட்கிற யாருக்கும் உண்டு என்று அறிவிக்க வேண்டும்.

புகாரை அன்றைக்கே எழுதி வையுங்கள்: தேதி, நேரம், இடம், அருகில் இருந்தவர்கள், சொன்ன வார்த்தை. வார்த்தை எவ்வளவு அசிங்கமானாலும் அப்படியே. 'கிண்டல் செய்தார்கள்' என்ற பதிவால் பயனில்லை. ஒரே பெயரும் ஒரே இடமும் மூன்று முறை வந்துவிட்டால், 'விளையாட்டுக்குச் செய்தோம்' என்ற பேச்சு எடுபடாது.

துன்புறுத்தியவனையும் பையனையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கைகுலுக்கச் சொல்வது பெரிய தவறு. அங்கே பையன் தலையாட்டுவான், மறுநாள் அதற்கும் சேர்த்து வாங்குவான். தனித்தனியாகப் பேசுங்கள், இரண்டு நாள் கழித்தும் இரண்டு வாரம் கழித்தும் அவனிடம் விசாரியுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு, வீட்டுக்குத் தொலைபேசியில் 'உங்கள் பையன் அப்படி' என்று சொல்வது. அவனுக்கு வீடே இல்லாமல் போகலாம். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக்கூடாது என்று முதலில் அவனிடமே கேளுங்கள். பெற்றோரிடம் நடந்ததைச் சொன்னால் போதும்: தள்ளிவிட்டார்கள், இந்த இடத்தில், இந்த நேரத்தில். தற்கொலைப் பேச்சு வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அவனைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். அப்போதும் வீட்டாரிடம் சொல்ல வேண்டியது ஆபத்தைத்தான், யார் மீது ஈர்ப்பு என்பதை அல்ல. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று வருகிற ஆலோசகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

இன்னொன்று: நளினமான பையன்கள் எல்லோரும் தன்பாலீர்ப்பாளர்கள் அல்லர். அவனாகச் சொல்லும்வரை ஆசிரியர் பெயர் சூட்ட வேண்டாம்.

ஆண்டு விழாவில் பெண் வேடம் கொடுத்துச் சிரிக்க வைப்பதை இடம் கொடுத்ததாகப் பல பள்ளிகள் நினைக்கின்றன. அவனுக்கு மேடை பிடிக்கலாம், சதுரங்கமும் பிடிக்கலாம். கேட்டால் தெரியும். பள்ளி முழுக்க அவனை ஏற்க வேண்டியதில்லை, கூட உட்கார்ந்து சாப்பிட இரண்டு மூன்று பேர் இருந்தால் அவன் காலூன்றிவிடுவான். அதனால் வகுப்பில் 'நீங்களே குழு பிரித்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள். கடைசியில் தனியாக நிற்பவன் அவன்தான். ஆசிரியரே பிரிக்கட்டும். கண் மை கூடாது என்பது விதியானால் எல்லோருக்கும் அதே விதி, அதே தண்டனை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் தலைமையாசிரியர்கள், இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் நிற்க வேண்டியவர் யார் என்று பணிப் பட்டியலை எடுத்துப் பார்க்கட்டும். அந்தக் கட்டத்தில் பெயர் இருக்கிறதா?

இப்படிக்கு,
பள்ளி மாணவர் ஆலோசகர்கள் சிலர்