வழிகாட்ட வருவோர் கவனிக்க

ஆசிரியருக்கு,

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொண்டூழியராக வழிகாட்ட ஆசையோடு வரும் பலர், வேலைப்பளுவால் மூன்றே மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். பாதியில் கைவிடுவதைவிடத் தொடங்காமல் இருப்பதே மேல். ஓராண்டுக்கு, மாதம் இருமுறை ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமென்றால் சிண்டாவிலோ (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) பக்கத்துக் குடும்பச் சேவை நிலையத்திலோ விசாரியுங்கள்.

முதல் சில சந்திப்புகளில் மதிப்பெண் பேச்சே வேண்டாம். அதைத்தான் வீட்டில் தினமும் கேட்கிறார்களே! நூலகம், காப்பிக்கடை என நாலு பேர் இருக்கும் இடத்தில் சந்தியுங்கள். பெற்றோருக்குத் தெரியாமல் வாட்ஸ்அப்பில் பேசவேண்டாம்.

உயர்நிலைப் பள்ளிக்குப் பிறகு தொடக்கக் கல்லூரியா, பலதுறைத் தொழிற்கல்லூரியா என்று குழம்பும் உயர்நிலை நான்கு மாணவரிடம் அறிவுரை எடுபடாது. கல்லூரிகளை நேரில் சுற்றிப் பார்க்க ஜனவரியில் நடக்கும் பொது வரவேற்புக்குக் கூடவே போய், அங்கு படிப்பவர்களிடம் அவரையே கேட்கவிடுங்கள்.

வாசகர்,
யீஷூன்